மௌன வைத்தியமும் மெழுகு உருளைகளும்

குரல் கெட்டவர்களை ஆராயும் தொழிலில் ஒரு வசதி உண்டு: எவரும் நம்மை உரக்கத் திட்ட முடியாது. ஏதேனும் ஓர் ஆய்வுக்கூடத்தில் குறிப்பேட்டோடு அல்லாடியவர்கள் இதன் அருமையை அறிவார்கள். பிரிக்பீல்ட்ஸில் தொண்டை மருத்துவர் ஒருவரின் ஆய்வறையில் நான் உதவியாளர். மருத்துவக் கல்லூரி விடுமுறையில் வேலாயுதம் என்ற மாணவரும் வந்து சேர்ந்தார். அந்த மாதம் எங்களை நம்பி வந்தவர் அமிர்தம், கிள்ளானில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆசிரியை. மாத இறுதியில் பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் துரை வருவார். அவர் முன்னிலையில் பாடம் நடத்தக் குரல் எழும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று பள்ளி நிர்வாகி சொல்லியிருந்தார்.

கண்ணாடியின் சூடு

தொண்டைக்குள் விடும் சிறு கண்ணாடி மூச்சுப் பட்டு மங்காமலிருக்க, அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்குவோம். பிறகு நம் புறங்கையில் தொட்டுப் பார்த்த பின்னரே நோயாளியின் வாயில் வைக்க வேண்டும். இவ்விதியை வேலாயுதத்துக்கு மிக விரிவாக விளக்கினேன். விளக்கிக்கொண்டே, புறங்கையில் தொடாமல், கச்சான் பூத்தே என்னும் வறுத்த கடலையைக் கூவி விற்கும் முத்தையாவின் வாயில் வைத்துவிட்டேன். அவர் நாற்காலியோடு பின்னுக்குப் போனார். அடுத்து உள்ளே வர வேண்டிய அமிர்தம், பெஞ்சில் இருந்தபடியே வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

முத்தையா கரகரத்தார்: "கடலைய வறுக்கக்கூட நான் இவ்வளவு சூடு வைக்கிறதில்லம்மா!"

ஒத்துழையாத நோயாளி

அமிர்தத்துக்கு முன் கண்ணாடியை மூன்று தடவை புறங்கையில் தொட்டேன். துணியால் அவர் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தேன். இடக்கையில் நாக்கு, வலக்கையில் கண்ணாடி, கேள்விப் பட்டியலோ மனப்பாடம். எத்தனை மாதமாகக் கரகரப்பு? வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? பதில் வராததால், ஒவ்வொரு கேள்வியையும் இன்னும் தெளிவாக மறுபடி கேட்டேன். கடைசியில், நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுமாறு வேலாயுதத்திடம் சொன்னேன்.

அவர் பேனாவைத் திறக்கவில்லை. "நாக்க நீங்க விட்டாத்தானேம்மா அவங்க பேசுவாங்க?"

தினம் ஒரு பக்கம்

குரல் நாண்களில் சிறு தடிப்பு. மூன்று வாரம் மௌனம் என்று விதித்துவிட்டு மருத்துவர் பினாங்கு போய்விட்டார். அமிர்தம் விடுப்பெடுத்து, பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன் வீட்டில் கையில் சிலேட்டோடு தங்கினார். முன்னேற்றத்தை அளக்கும் பொறுப்பு என்னுடையது. அளப்பதென்றால் துல்லியமாக அளக்க வேண்டாமா? மெழுகு உருளையில் குரலைப் பதிக்கும் பொறி ஒன்று எங்களிடம் இருந்தது. தினமும் காலையில் அமிர்தத்தை அதன் புனலுக்கு முன் நிறுத்தி, பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் செய்தேன். மெல்லிய குரல் மெழுகில் பதியாது. ஆகவே, "இன்னும் உரக்க, இன்னும் உரக்க" என்று ஊக்கினேன்.

பத்து நாளில் பத்து உருளைகள். தேதி எழுதி அழகாக அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் குரல் முந்தையதைவிட மோசம். காற்றின் ஈரமா, குழம்பின் காரமா, ரயில் புகையா என்று நானும் வேலாயுதமும் தீவிரமாக விவாதித்தோம். பதினோராம் நாள், புனலுக்கு முன் நின்ற அமிர்தம் வாய் திறக்கவில்லை. கண் கலங்கச் சிலேட்டை நீட்டினார்.

"அக்கா, அண்ணன் பிள்ளை விழுந்து அழுதபோதுகூட நான் வாய் திறக்கவில்லை. நாள் முழுக்க நான் கத்துவது உங்களிடம் மட்டும்தான்."

துரை வந்த நாள்

பொறியைத் துணி போட்டு மூடினேன். எஞ்சிய நாட்களில் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று அமிர்தத்தை அனுப்பிவிட்டேன். அவர் வேலை போனால் அதற்குக் காரணம் தடிப்பு அல்ல, நான்.

அந்த நாளும் வந்தது. ரயிலேறிக் கிள்ளான் போய், வகுப்பின் ஜன்னலோரம் நின்றேன். அமிர்தம் பாடத்தைத் தொடங்கினார். முதல் வரி கீறலோடு வந்தது. அவர் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்தார். இரண்டாவது வரி கடைசி பெஞ்சைத் தாண்டி ஜன்னல்வரை வந்து என் காதில் விழுந்தது. துரை தலையசைத்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, அடுத்த வகுப்புக்கு நடந்தார்.

பள்ளி விட்டதும் ஓடிப்போய் அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை விடாமலே, "இப்போதுள்ள குரலை மட்டும், ஒரே ஓர் உருளையில்..." என்று ஆரம்பித்தேன்.

அமிர்தம் கணீரென்று சொன்னார்: "அக்கா, உங்களுக்குக் கோடி புண்ணியம், என்ன விட்டுடுங்க லா!"

தொண்டைக்கு ஓய்வு வேண்டும், அதிலும் முக்கியமாக அதை ஆராய்கிறவர்களிடமிருந்து வேண்டும் என்பதே, இத்தனை குறிப்பேடுகளை நிரப்பிய பின் நான் ஐயமறக் கண்டறிந்த ஒரே முடிவு.