ஈரச் சாக்குக்குள் ஒரு விளைமீன்

தூத்துக்குடிக்காரனிடம் மீனைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நிறுத்தமாட்டோம். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் மீன் மார்க்கெட்டுக்குப் போகிற ஆள் நான் – உங்களுக்குத் தெரிந்ததுதானே?

போன வாரம் திருகோணமலையில் இருந்தேன். லிங்கநகரில் நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா, "நல்ல மீனாப் பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ, நான் சமைச்சுத் தாறன்" என்றார். கேட்க வேண்டுமா? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய மார்க்கெட். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் என்றார்கள். உயரமான கூரை, தேய்ந்து வழுக்கும் சிமென்ட் மேடைகள், உள்ளே நுழைந்ததும் நம்ம ஊர் வாசனை. வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

வரிசையாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மேடையின் ஓரத்தில் ஈரச் சாக்கு போட்டு எதையோ மூடியிருந்தது. வெளியே ஒரு வால். விளைமீன்! மூன்று கிலோவாவது இருக்கும்.

"இது என்ன விலை?"

வியாபாரி பக்கத்து ஊரான கிண்ணியாக்காரர். ஐம்பது வயதிருக்கும், தலையில் தொப்பி. "அது குடுக்க ஏலாது ஐயா. ஒராளுக்கு வச்சது. பாரை இரிக்கி, பாருங்க."

எனக்குத் தெரியாதா இந்த வித்தை? நல்ல மீனை மறைத்து வைத்து விலையை ஏற்றுவதை எங்கள் ஊரில் எத்தனை பார்த்திருக்கிறேன்! சிரித்துக்கொண்டே, இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது விலைக் கதை இல்ல ஐயா. ஒவ்வொரு ஞாயிறும் என்னட்ட விளைமீன் வாங்குற பள்ளிக்கூட மாஸ்டர் ஒராள். போன கிழமை மோசம் போயிட்டார். இண்டைக்கு அவருக்கு எட்டு."

இறந்துபோனதைத்தான் அப்படிச் சொன்னார். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் மீன் வாசனையே கூடாது. அங்கே எட்டாம் நாளில், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிறார்களாம் – மீன் உட்பட. செத்த வீட்டுக்குப் போனபோது, "எட்டுக்கு மீன் நான் வச்சிருப்பன்" என்று இவரே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகர மனம் வரவில்லை. மற்ற மீன்கள் விற்றுக் குறைந்துகொண்டே வந்தன. அவர் அடிக்கடி வாசலைப் பார்த்தார். ஐஸ் அள்ளிப் போட்டார், சாக்கை நனைத்தார். ஆள் வராவிட்டால்..?

பதினொரு மணி வாக்கில் மாஸ்டரின் மகள் வந்தார். "பிந்திட்டுது நானா, வீடு நிறைய ஆக்கள்" என்று பையை நீட்டினார் – முஸ்லிம் அண்ணனை அங்கே 'நானா' என்பார்கள். மீனைப் பார்க்கக்கூட இல்லை.

வியாபாரி மீனைப் பையில் போடவில்லை.

"செவுளைத் தூக்கிப் பாருங்க தங்கச்சி."

"நீங்க தந்தா நல்லாத்தானே நானா இருக்கும்?"

"அப்பா ஒரு நாளும் பாக்காம எடுக்கமாட்டார். இருபது வருசமா எனக்கு ஏச்சுத்தான். எத்தினை மீனைத் திருப்பித் தந்திரிப்பார்! இதையும் பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பெண் குனிந்து, ஒரு விரலால் செவுளைத் தூக்கினார். நல்ல சிவப்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஓம் நானா... அப்பா எடுப்பார்."

கண் நிறைய, பையை விரித்துப் பிடித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. வியாபாரி அவசரமாக மீனைப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

குறை சொல்லும் வாடிக்கையாளர் ஒழிந்தால் போதும் என்றுதான் வியாபாரிகள் நினைப்பார்கள் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். யோசித்துப் பாருங்கள்... நம் வேலையை அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க நமக்கு எத்தனை பேர் கிடைக்கிறார்கள்? அதில் ஒருவர் போய்விட்டால் நஷ்டம் இல்லையா?

பிறகு வியாபாரி என் பக்கம் திரும்பினார். பாரை என்றேன். செவுளைத் திறந்து காட்ட வந்தார்.

"வேண்டாம், போடுங்க" என்றேன்.

செவுளைப் பார்க்காமல் மீன் வாங்கினேன் – தூத்துக்குடியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!