மகாராணி விடுப்பில் போன வாரம்

பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவளுடைய வேலை. பயந்து நடுங்கி வருகிறவர்களிடம் "ஒண்ணும் வலிக்காது, உக்காருங்க" என்று சிரிப்பதும் அந்தச் சம்பளத்திலேயே சேர்த்தி. சனிக்கிழமை மதியம் அந்தச் சிரிப்பை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, மகனைப் பார்க்கக் கிளம்புவாள்.

மகனுக்கு வயது இருபத்தாறு. எழுத்துக் கூட்ட வராது, காசு எண்ண வராது, சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். ஆனால் குழாயை யாராவது சரியாக மூடாமல் விட்டாலும், ஒருவர் செருப்பு இன்னொருவர் இடத்தில் கிடந்தாலும் ஐயாவுக்குப் பொறுக்காது. அதனால் வீட்டில் வைத்த பட்டப்பெயர் சூப்பர்வைசர். அவனுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் தாங்கிப் பிடித்துப் பிடித்து அவள் முதுகு மக்கர் பண்ண ஆரம்பித்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற கணவர் ஊரெல்லாம் விசாரித்து இந்த இல்லத்தைக் கண்டுபிடித்தார். இல்லம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. வரிசையில் உள்ள மற்ற வீடுகளைப் போல அதுவும் ஒரு வீடு. அவனைப் போல ஐந்து பேர், ஆளுக்கொரு அறை, கவனித்துக்கொள்ள முறை வைத்து வந்து போகும் பணியாளர்கள்.

அங்கே ஏதாவது ஒரு குறை கிடைத்திருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் தேடினாள். மகனின் துண்டை முகர்ந்து பார்த்தாள், நகத்தைத் திருப்பிப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். துண்டு வெயில் வாசனை அடித்தது. நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு தூசி தும்பு கிடையாது. அவளுக்கு அழுகை வந்தது.

இதற்கெல்லாம் காரணம் ஒரே ஒருத்தி. அவனுக்கென்று பொறுப்பாகப் போட்டிருந்த பணிப்பெண். நல்ல உயரம், கணீரென்ற குரல், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத நடை. மனதுக்குள் இவள் அவளுக்கு வைத்த பெயர் மகாராணி. மகாராணி அவன் அறைக்குள் போகும்போது கதவைத் தட்டுவாள். "நான் பெத்த பிள்ளை ரூமுக்குப் போக நான் கதவத் தட்டணுமாம்" என்று இவள் கணவரிடம் பொரிந்து தள்ளினாள். மகாராணி எந்தச் சட்டை வேண்டுமென்று அவனிடம் இரண்டைக் காட்டிக் கேட்பாள். பொத்தானை அவனே போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். தன்னைச் சோம்பேறி என்று நினைப்பார்களே என்ற கூச்சம்கூடக் கிடையாது. இவள் கை தானாக நீண்டு அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டபோது, மகன் அந்தக் கையைப் பிடித்து நகர்த்தினான். அன்றைக்கு இவள் வயிற்றில் பிடித்த தீ அணையவே இல்லை.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பலகை உண்டு. மேல் வரிசையில் இன்றைக்கு வேலைக்கு வந்திருப்பவர்களின் புகைப்படங்கள், கீழ் வரிசையில் விடுப்பில் இருப்பவர்களின் படங்கள். யாராவது வேலையை விட்டே போவதானால், எல்லாரையும் கூட்டிவைத்து, கை கொடுத்துச் சொல்லிக்கொண்டு, தங்கள் படத்தைத் தாங்களே கழற்றிக்கொண்டு போக வேண்டும். சொல்லாமல் யாரும் மறைந்துபோகக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். காலையில் எழுந்ததும் சூப்பர்வைசர் பல் துலக்குவதற்கு முன்னால் பலகையைத்தான் பார்ப்பான்.

மகாராணி தன் தங்கையின் பிரசவத்துக்காக ஒரு வாரம் விடுப்பில் போனாள். படம் கீழ் வரிசைக்கு இறங்கியது. இவளுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. இந்தச் சனிக்கிழமையாவது பிள்ளை முழுசாகத் தனக்கு என்று பிஸ்கட்டும் புதுச் சட்டையுமாகப் போய் இறங்கினாள். அவனோ பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா எப்ப வருவாங்க?"

"வருவாங்க. நீ சாப்பிடு, தங்கம்."

"அக்கா எப்ப வருவாங்க?"

சட்டையைப் பிரித்துக் காட்டினாள். திரும்பவும் அதே கேள்வி. கூடத்துக்குப் போனார்கள், அதே கேள்வி. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"வரமாட்டாங்க. போயிட்டாங்க. இனிமே அம்மாதான் வருவேன், போதுமா?"

சொன்ன வாய் மூடவில்லை, கை கீழ் வரிசையிலிருந்த படத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டது. அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவன் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மகாராணி வேலைக்குத் திரும்பினாள். படம் எங்கோ விழுந்து தொலைந்திருக்கும் என்று வேறொரு படம் எடுத்து மேல் வரிசையில் வைத்தார்கள். சூப்பர்வைசர் அதைக் கழற்றி, இல்லத்தை நடத்தும் பொறுப்பாளர் அம்மாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தான். மறுபடி வைத்தார்கள், மறுபடி கழற்றினான். மகாராணி கூப்பிட்டால் திரும்புவதில்லை, அவள் தட்டு வைத்தால் தொடுவதில்லை. பொறுப்பாளர் அம்மா அவனிடம் எப்படி எப்படியோ கேட்டுப் பார்த்தார். "போயிட்டாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் தாய்க்குப் போன் செய்தார்.

"அவருக்கு இவங்க வேண்டாம்போல இருக்கு. எங்க வீட்ல இருக்கிறவங்க வேண்டாம்னா அதுக்கு நாங்க மதிப்புக் குடுக்கணும். திங்கக்கிழமையிலேருந்து இவங்கள நம்ம இன்னொரு இல்லத்துக்கு மாத்தறோம்."

"அடடா, பாவம்!" என்றாள் கிளினிக் குரலில். உள்ளுக்குள் மேளம் கொட்டியது. அன்றைக்குப் பல் பிடுங்க வந்தவர்களுக்கெல்லாம் நிஜமான சிரிப்பே கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமை உள்ளே நுழைந்தபோது மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருமுனை பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மகாராணி தட்டில் ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். ஜன்னல் மறைந்தது. அவன் தூண் மறைத்தால் எட்டிப் பார்ப்பது போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவளைத் தாண்டித் தெருவைப் பார்த்தான். அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

"யாரைப் பாக்கற தங்கம்?" என்று தாய் கேட்டாள்.

"அக்கா பஸ்."

"அக்கா… இதோ நிக்கறாங்களேடா."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா சொன்னா. அக்கா போயிட்டாங்க. வரமாட்டாங்க."

"அப்புறம் ஏன் பாக்கற?"

"பஸ் வருதே" என்றான்.

தாய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மகாராணியை அவன் வெறுக்கவில்லை. கண்ணெதிரே நிற்கிற ஆளைவிட, அம்மா சொன்ன சொல் அவனுக்குப் பெரிதாக இருந்தது. இத்தனை மாதமாக அவள் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். கிடைத்தது, பிள்ளை பட்டினி கிடக்கிறான். வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை மகாராணி போய்விடுவாள், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இந்தக் கணக்கும் அவள் மனதில் ஓடத்தான் செய்தது, அதை மறைப்பானேன். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

"தங்கம், இங்க பாரு. அம்மா பொய் சொன்னேன். அக்கா போகல. லீவுலதான் போனாங்க. படத்த அம்மாதான் எடுத்தேன்."

அவன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "பொய்யா?"

"பொய்தான்."

அப்போதுதான் அவன் தலையைத் திருப்பினான். மகாராணியை உச்சி முதல் கால்வரை, குழாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தான். "அக்கா வந்தாச்சு" என்று அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டான். ரொட்டியை அவன் விழுங்கிய வேகத்தைப் பார்க்கத் தாய்க்குத் தைரியம் வரவில்லை.

மகாராணியின் கணீர்க் குரல் அன்றைக்குத்தான் கம்மியிருந்தது. "எம்மேல கோபம்னா என்னத் திட்டியிருக்கலாமேங்க. அவனுக்கு எதுக்குங்க இந்தத் தண்டனை?"

"பொறாமைங்க" என்றாள் இவள். "வேற என்னன்னு சொல்ல?"

பொறுப்பாளர் அம்மா திங்கட்கிழமை மாற்றத்தை ரத்து செய்தார். இனி தாய் வரும் நேரத்தில் யாராவது கூட இருப்பார்கள் என்பதையும் மரியாதையாகவே சொன்னார். இவள் தலையாட்டினாள்.

கிளம்பும்போது எப்போதும் போல மகனின் தலையைத் தடவினாள். "வர்ற சனிக்கிழமை அம்மா வரேன்."

எப்போதும் உடனே "சரி" என்பவன் இப்போது அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் நின்ற மகாராணியின் முகத்தைப் பார்த்தான்.

"வருவாங்களா?" என்று கேட்டான்.

தாய் திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

"வருவாங்க" என்றது பின்னாலிருந்து குரல்.

"சரி" என்றான் அவன்.