இரண்டாவது மாத்திரைக்கு எதிராக ஒரு மனு

குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலி நாற்பத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது ஒலி மாசு விதி. ஓசூரில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிரானைட் பட்டறைக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை. இரவெல்லாம் அங்கே கல்லை அறுத்தார்கள். கூடவே என் தூக்கத்தையும்.

ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர் இரண்டாவது மாத்திரை எழுதப் போனார்.

"ரிட்டயர் ஆயிட்டீங்க சார். எதையும் கண்டுக்காதீங்க. மூச்ச நல்லா இழுத்து விடுங்க."

"மெஷின் ஓட்டுறது அவன், மாத்திரை எனக்கா?"

ஒரு மாதம் தவணை கேட்டேன். அதற்குள் குறையாவிட்டால் மறுபேச்சில்லாமல் விழுங்குவதாக ஒப்பந்தம்.

திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில், விதி எண்ணோடு மனு கொடுத்தேன். அடுத்த திங்கள் நினைவூட்டல் மனு. நடுவே காலை நடையைப் பட்டறை வாசல் வரை நீட்டினேன். என்னைக் கண்டாலே சூப்பர்வைசர் தலையைச் சொறிவார்.

"ஓனர் பெங்களூர்ல சார். அவருக்குத் தமிழ் வராது."

"போன் போடுப்பா. எனக்குக் கன்னடம் வரும், தெலுங்கும் வரும். எதுல திட்டணும்னு கேளு."

ஓனர் மீட்டிங்கில் இருந்தார், எல்லா மொழிகளிலும்.

"ஊரே தூங்குது, உங்களுக்கு மட்டும் என்ன?" என்றாள் மனைவி.

"ஊர் தூங்கல. படுத்திருக்கு."

சத்தம் துளியும் குறையவில்லை. ஆனால் முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவன், இப்போது அடுத்த மனுவின் வாசகத்தை யோசித்தேன். இரண்டாவது பத்திக்குள் தூங்கிப்போனேன்.

மாதம் முடிந்ததும் டாக்டர் அளந்தார். குறைந்திருந்தது.

"பாத்தீங்களா, மூச்சுப் பயிற்சி!"

"மூச்சு எப்பவும் விடுறதுதான் டாக்டர். இது மனு."

அவர் பேனாவை மூடிவைத்தார்.

அதன் பிறகும் திங்கட்கிழமைகளை நான் விடவில்லை. கடைசியில் பதில் வந்தது: 'ஆய்வின்போது இயந்திரங்கள் இயங்கவில்லை. இரைச்சல் இல்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.' ஆய்வு நடந்தது பட்டப்பகலில்; அதுவும் பராமரிப்புக்காக எங்கள் பகுதி முழுவதும் கரண்டை நிறுத்தும் மாதாந்திர நாளில்.

மனைவி பதிலைப் படித்தாள். பிறகு என் கண்ணாடியையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பீல் எழுதுங்க. ராத்திரி தூங்கணுமில்ல?"

மேல்முறையீட்டில் பதில் கிடைத்த தேதியை முதலில் குறிக்க வேண்டும். குறித்தேன்: ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். மறுநாள் பட்டறை மெஷின்களுக்குப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்பார்கள்; அடுத்த ஆய்வுக்கு அதைவிட நல்ல நாள் ஏது?