அழுத்தப் போன கையை நிறுத்திய தாய்

எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடமாகத் தள்ளிப்போட்டேன். அம்மன் செய்ததைச் சொல்ல வெட்கமில்லை. நான் செய்ததைச் சொல்லத்தான் வெட்கம். இந்த ஆடியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறோம். மகள் தேவிகா அப்போது பதினொன்றாம் வகுப்பு. நீளம் தாண்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்குத் தேர்வு. பத்து நாளாக அவளுக்கு இடுப்பில் வலி. தாண்டி இறங்கினால் உயிர் போகிறது என்றாள்.

"கோச்சாண்ட சொல்லிடாதம்மா. பேர எட்த்துடுவாரு."

சாமி படத்தின் முன் பூக்கட்டிப் போட்டுக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் தாண்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறை வெள்ளை. அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னேன். முதல் இரண்டையும் மறைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அம்பத்தூரில் ஒரு கைரோபிராக்டரிடம் போனோம். கையாலேயே முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்பவர்.

"ஒரே நெட்டிதான், பொண்ணு துள்ளிகினு ஓடும் பாரு. போன்ல எத்தினி வீடியோ பாத்துகீறேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"வீடியோ பாத்தே டாக்டராயிட்டியா நைனா," என்றாள் தேவிகா, அந்த வலியிலும்.

கைரோபிராக்டர் அவளைக் குப்புறப் படுக்கவைத்தார். இரண்டு கையும் அவள் முதுகில். நான் மனதுக்குள் கும்பிட்டேன். திருவேற்காட்டுக் கருமாரித் தாயே, நான் பொய் சொன்னேன். அதற்கு என் பிள்ளை முதுகை எடுத்துக்கொள்ளாதே. இந்தக் கை கூடாதென்றால் நிறுத்திவிடு. அவ்வளவுதான் வேண்டினேன்.

அழுத்தப் போனவர் நின்றார். ஓரிடத்தை விரலால் தொட்டார். தேவிகா துடித்தாள். எழுப்பி, ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொன்னார். முடியவில்லை.

"இதுல நான் கை வைக்க மாட்டேம்மா. எலும்புல விரிசல் இருக்கும்னு தோணுது. மொதல்ல ஸ்கேன் எடுங்க."

"ஞாயித்துக்கெழம செலக்சன் கீது சார்," என்றார் வீட்டுக்காரர்.

"அத மறந்துடுங்க."

சனிக்கிழமை ஸ்கேனில் விரிசல் தெரிந்தது. இப்படியே தாண்டினால் எலும்பு நழுவிவிடலாம் என்றார் எலும்பு டாக்டர். தேவிகா தலையணையில் முகத்தை வைத்து அழுதாள். அன்றுதான் பூ விஷயத்தை அவளிடம் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "அம்மன் ரெண்டு வாட்டி சொல்லிகீது. நீதான் கேக்கல," என்றாள்.

மாதக்கணக்கில் பெல்ட், ஓய்வு, பிறகு பயிற்சி. விரிசல் ஆறி எலும்பு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து நான் பூக்கட்டிக் கேட்பதில்லை. நல்லது எதுவோ அதைச் செய் தாயே என்று மட்டும் கும்பிடுகிறேன். நீங்களும் அவளை நம்புங்கள். அவள் வேண்டாம் என்று சொல்வதையும் சேர்த்து நம்புங்கள்.

இதைப் பிறருக்கு அனுப்புகிறவர்கள் எதையும் கூட்டாமல் குறைக்காமல் அனுப்புங்கள். மகள் முதல் பரிசு வாங்கினாள் என்று சேர்த்துவிடாதீர்கள். அடுத்த வருடத் தேர்வில் நான்காவதாகத்தான் வந்தாள். மணலிலிருந்து தானாகவே எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, எங்களை நோக்கி நடந்து வந்தாள்.