எதிர்ப்பு சக்தி டப்பா

அன்று அரசு ஆஸ்பத்திரியில், டாக்டர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, டாக்டரம்மா. என் நாத்தனாரை யாரும் கூப்பிடவில்லை. சைதாப்பேட்டையில் நாங்கள் பஸ் ஏறியபோது அவளும் ஏறிக்கொண்டாள்.

மகளுக்குக் குடலில் புண். வலியும் பேதியும், பேதியில் ரத்தமும். போன வருடம் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் நின்றது, பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். அப்புறம்தான் நாத்தனார் மூக்கை நுழைத்தாள். சத்துப் பொடி விற்கிறவள் அவள். ஆள் சேர்த்தால் கமிஷன் வேறு.

"இன்னாமே, இது எதிர்ப்பு சக்திய கொறைக்கிற மாத்திரையாமே! மருந்துக் கடைக்காரன் சொல்றான். பொண்ண சாவடிக்கப் பாக்குறியா? எம் பொடியக் குடு, சக்தி ஏறும்."

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். பிள்ளை தும்மினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். எதிர்ப்பு சக்தி குறைகிறது என்றால் நான் என்ன ஆவேன்? மாத்திரையை நிறுத்தினோம். கடனுக்கு டப்பா டப்பாவாகப் பொடி வந்தது. பின்னாலேயே ரத்தமும் வந்தது.

"மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார். வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். பொறுப்பு வரும்போதெல்லாம் அவர் எதையாவது பார்ப்பார்.

நாத்தனார் விடவில்லை. "சக்தி கம்மியா கீது, அதாலதான டாக்டர் நோவு வருது?"

"கம்மி இல்லம்மா. அடங்காம இருக்கு. உடம்பைக் காக்கற செல்லுங்க வளரும்போது, சில புரதம்தான் அதுங்களுக்குச் சேதி கொண்டுபோகும். இது நம்ம குடல், இது நாம தின்ன சோறு, இங்க சண்டை வேணாம்னு. அந்தச் சேதி கேட்டு வளர்ற சில செல், மத்ததை அடக்கி வைக்கும். இவளுக்கு அந்தச் சேதி சரியாப் போய்ச் சேரலன்னு நினைக்கறோம். அதனால காவல்காரனே வீட்டை அடிச்சு நொறுக்கறான். மாத்திரைதான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. திரும்பவும் நிறுத்தினீங்கன்னா குடலை வெட்டி எடுக்க வேண்டி வரலாம்."

வெட்டி எடுக்க என்றதும் நான் மகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மகள் அத்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அத்தே, எவ் வயித்துல ஏற்கெனவே போலீசு தடியடி நடத்திக்கினு கீது. நீ அதுக்கு டப்பா டப்பாவா ஹார்லிக்ஸ் போட்டுக் குடுத்துகினு கீற."

அந்தப் பிள்ளைக்கு அந்த நிலையிலும் சிரிக்க முடிந்தது. எனக்கு முடியவில்லை. குறைந்தால் கெட்டது, ஏறினால் நல்லது என்று 'எதிர்ப்பு சக்தி' என்ற அந்தச் சொல்லை எங்கள் காதில் ஏற்றியவர்கள் எத்தனை பேர்! டிவியில் ஒருவன், பஸ்ஸின் முதுகு விளம்பரத்தில் ஒருவன், வீட்டுக்குள்ளேயே ஒருத்தி. ஏறியது யார் குடலில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நாத்தனார் மெல்ல ஆரம்பித்தாள். "நா நல்லதுக்குத்தான் சொன்னேன். அது கெடக்கட்டும், பொடி காசு இன்னாச்சு?"

"அண்ணி, மீதி டப்பாவ எடுத்துக்கினு போ. ஒரு பைசா தர மாட்டேன்" என்றேன்.

"கடன் கடன்தாமே."

"அப்ப எம் பொண்ணு ரத்தத்துக்கு நீ காசு குடு. கழிச்சிக்கலாம்."

வீட்டுக்காரர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். மகளுக்கு இப்போது மாத்திரை மறுபடி நடக்கிறது, நாத்தனாரோடு பேச்சு நின்றுவிட்டது. அவள் கணக்கில் நான் இன்னும் தர வேண்டியது மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.