தண்ணீர் வந்தால்தான் மெஷின் ஓடும்

மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து முதல் வாய் வைத்தால் பல்லில் நறநறக்கும். எப்படித் துணி சுற்றிக் கட்டினாலும் கல் தூசி உள்ளே போய்விடும்...

மலாயாவில், செலாயாங் பக்கம் ஒரு கருங்கல் குவாரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பெண்களான நாங்கள் கீழே உட்கார்ந்து, ரயில் பாதைக்குப் போகும் ஜல்லியை உடைப்போம். என் வீட்டுக்காரர் மேலே பாறையில் வெடி வைக்கத் துளை போடுவார். முன்பெல்லாம் உளியும் சம்மட்டியும்தான். பிறகு காற்றழுத்தத்தில் ஓடும் மெஷின் வந்தது. வேலை சுருக்காக முடிந்தது. ஆனால் துளையிலிருந்து வெள்ளைத் தூசி புகை மாதிரி கிளம்பும்.

சில வருடங்களில் இருமல் அவரைப் பிடித்துக்கொண்டது. மேடு ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். காசநோய் என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லோரும் ஒதுங்கினார்கள்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சொன்னதை யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"கல்லுத்தூசி நெஞ்சுக்குள்ள படிஞ்சு போச்சுது அம்மா. அதை எடுக்க மருந்தில்லை. இனி அந்தத் தூசிப் பக்கம் விடாதேங்கோ."

"பறக்காம பண்ண முடியாதுங்களா?"

"ஈரமா இருந்தால் பறக்காது தானே."

வீட்டுக்கு வந்தால் வாசலில் கங்காணி. "நாளைலேருந்து சின்னையா மெஷினைப் புடிக்கட்டும்," என்றார்.

சின்னையா என் கொழுந்தன். அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் நேராக மேலே ஏறி மெஷினுக்கு முன்னால் நின்றேன்.

"வழிய விடு பாக்கியம்," என்றார் கங்காணி.

"தொளைல தண்ணி ஊத்திக்கிட்டே ஓட்டட்டும். விடுறேன்."

"தண்ணிக்கு எங்க போறது? ஆறு கீழல்ல கெடக்கு!"

"நாங்க தூக்கியாறோம். கல்லு ஒடைக்கிற நேரத்துல தூக்குவோம். அதுக்கும் சேர்த்துப் பேர் போட்டுக் கூலி தரணும்."

அவர் கத்தினார். வேலையை விட்டே துரத்துவேன் என்றார். கீழே சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. இருமும் புருஷன் இன்னும் பல வீட்டில் இருந்தான்... பெண்கள் எழுந்து மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஜல்லிக்கு வந்த ரயில் வண்டி காலியாக நின்றது.

வெயில் ஏறியதும் கங்காணிக்குப் பயம் வந்துவிட்டது. "சரி, ஊத்தித் தொலைங்க!"

மண்ணெண்ணெய் டின்களில் வரிசையாகத் தண்ணீர் ஏறியது. நான் துளையில் ஊற்ற ஊற்ற, புகைக்குப் பதிலாகச் சேறு வழிந்தது. மலைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்தார்.

மேலே தண்ணீர்க் குழாய் வந்தது பிறகுதான். அதைப் பார்க்க அவர் இல்லை. நாங்கள் டின் தூக்குவதை அதுவரை ஒருநாளும் நிறுத்தவில்லை.

இப்போது குவாரிகளில் மெஷினோடு சேர்ந்தே தண்ணீர் வருகிறதாம். நல்லது.

என் வீட்டுக்காரருக்குக் கடைசி மாதங்களில் என்னைக் கூப்பிடக்கூட மூச்சு இல்லை, கட்டிலைத் தட்டுவார். சின்னையா பேரன் எடுத்துவிட்டான். போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். தெருவின் அந்தக் கோடியிலிருந்து, பஸ் சத்தத்தையெல்லாம் தாண்டி, "அண்ணீ!" என்று ஒரே மூச்சில் கத்தினான்.