ஆலிம்சாவின் கதர்த்துணி

காலையில் இரும்புப் பெட்டியைத் திறந்ததும், இன்னும் போகாத கற்பூர வாசனை என்னை லிட்டில் இந்தியாவில் எங்கள் கடைக்கு மேலிருந்த அறைக்குக் கொண்டுபோனது. இப்போது அது ஏதோ ஹோட்டல். வாப்பாவின் தாய்மாமா அங்கேதான் இருந்தார். வெள்ளைக்காரனை எதிர்த்து ஊரைத் திரட்டிச் சிறைக்குப் போன அவரை எல்லோரும் ஆலிம்சா என்றே அழைத்தார்கள். மரப்படிகளின் முனகலும் கீழே பூ விற்பவர்களின் பேச்சும் ஏறிவரும் அந்த அரையிருட்டில் எந்நேரமும் ராட்டை சுற்றும் ஓசை கேட்கும். கதரைத் தவிர வேறெதையும் உடுத்தாதவர், தான் இறந்தபின் மையித்தைச் சுற்றவேண்டிய கஃபன் துணியையும் கதரிலேயே வாங்கி, கற்பூரம் போட்டு இந்தப் பெட்டியில் வைத்திருந்தார்.

அவர் மௌத்தான அன்று, அஸர் தொழுகைக்குள் அடக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், பள்ளிவாசலிலிருந்து வந்த மில் துணியையே சுற்றினார்கள். கபுரடியிலிருந்து திரும்பிய வாப்பாவிடம், "கதர் பெட்டியிலேயே இருக்குதுங்க" என்றார் உம்மா. செம்மண் காலோடு படியில் உட்கார்ந்த வாப்பா இருட்டும்வரை எழவில்லை.

இந்தத் தீவில் அடக்க இடம் போதாமல், இப்போது பழைய கபுர்களைத் தோண்டி, மிஞ்சியிருப்பதை எடுத்து வேறிடத்தில் அடக்குகிறார்கள். இன்று ஆலிம்சாவின் முறை.

"துணி அவங்களே கொடுப்பாங்க லா," என்றான் தம்பி. நான் கதரை எடுத்துக்கொண்டு போனேன்.

நெடிய மனிதருக்காக அளந்த துணி. எலும்புகளைச் சுற்றிய பிறகும் பாதிக்கு மேல் மிஞ்சியது.